வளவுக்குள் பெரிய வாகனக் கொட்டகை: அனுமதி பற்றிய வாசகர் கேள்வி பதில்

'வீடும் வளவும்' பகுதிக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இம்முறை ஒரே விடயத்தைத்தான் கேட்கின்றன. லொறி, உழவு இயந்திரம், நெல் வெட்டும் மெசின் நிறுத்த, வழக்கத்தைவிடப் பெரிய கொட்டகையை வீட்டு வளவுக்குள் போடலாமா? உள்ளூராட்சி சபையில் அனுமதி எப்படி எடுப்பது? காணியில் எவ்வளவு மூடப்படுகிறது, வீதிக்கோடு (வீதிக்கென ஒதுக்கிய இடத்தின் எல்லை) எங்கே, மழைத்தண்ணீர் எங்கே போகும், உள்ளே என்ன நடக்கப்போகிறது ஆகிய நான்குக்கும் கட்டடப் படத்தில் (பிளானில்) பதில் இல்லாவிட்டால் சின்னக் கொட்டகைக்கான விண்ணப்பமும் திரும்பி வரும். பதில் இருந்தால் பெரிய கொட்டகைக்கும் வழி உண்டு.

கேள்வி: எங்கள் காணி 15 பேர்ச். வீடு 1,400 சதுர அடி. பின்னால் தனிக் குசினியும் கக்கூசும் சேர்த்து 180 சதுர அடி. பதினாலரை அடி லொறி ஒன்றும் பெட்டியோடு உழவு இயந்திரம் ஒன்றும் நிற்கின்றன. 40க்கு 30 அடியில் தகரக் கொட்டகை போட யோசிக்கிறோம். சுவர் இல்லாத கொட்டகைக்குப் பிளான் தேவையில்லை என்று மேசன் சொல்கிறார். சரியா?
– வாசகர், செங்கலடி

பதில்: சரியில்லை. 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம், கொட்டகையையும் கூரை போட்ட அடைப்பையும் கட்டடம் என்றே கணக்கெடுக்கிறது. நகர அபிவிருத்தி அதிகாரசபை பிரகடனம் செய்த பகுதியாக இருந்தால் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அபிவிருத்தி அனுமதிப்பத்திரமும் வேண்டும். இரண்டுக்கும் நீங்கள் போகும் இடம் ஒன்றுதான், உங்கள் உள்ளூராட்சி சபை. சுவர் இருக்கிறதா இல்லையா என்பது இங்கே பொருட்டல்ல. நிலத்தில் ஊன்றிய தூணும் அதன்மேல் கூரையும் இருந்தால் அது கட்டடம்.

இனிக் கணக்குக்கு வருவோம். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. 15 பேர்ச் என்றால் 4,083 சதுர அடி. குடியிருப்புக் காணியில் கட்டடங்கள் மூடக்கூடிய நிலம் பொதுவாக 65 வீதம். உங்கள் பகுதிக்குத் தனி அபிவிருத்தித் திட்டம் இருந்தால் இந்த வீதம் மாறலாம், அதனால் முதலில் சபையில் கேட்டு உறுதிசெய்யுங்கள். 65 வீதத்தின்படி உங்களுக்கு மூடக்கூடியது 2,654 சதுர அடி. வீடும் குசினி கக்கூசும் 1,580ஐ ஏற்கெனவே எடுத்துவிட்டன. மிச்சம் 1,074. நீங்கள் நினைக்கும் 40க்கு 30 என்பது 1,200. அந்த 126 சதுர அடிக்காகவே விண்ணப்பம் திரும்பும். வெளியே இருக்கும் குசினியைப் படத்தில் காட்டாமல் விட்டால் சமாளிக்கலாம் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். காணி பார்க்க வரும் தொழில்நுட்ப உத்தியோகத்தர் அளவு நாடாவோடுதான் வருவார்.

உண்மையில் உங்களுக்கு 1,200 சதுர அடி தேவையா? பதினாலரை அடிக் கூடு உள்ள லொறியின் முழு நீளம் சுமார் 21 அடி, அகலம் 7 அடி. பெட்டி கொளுவிய உழவு இயந்திரம் சுமார் 27 அடி நீளம், ஆறரை அடி அகலம். சுவர்ப் பக்கம் 3 அடி, நடுவில் 4 அடி, மறுபக்கம் 3 அடி விட்டால் அகலம் இருபத்துமூன்றரை அடி. அதை 25 அடியாக வைத்துக்கொள்ளலாம். ஆழம் 30 அடி போதும். 25க்கு 30 என்றால் 750 சதுர அடி, 65 வீதத்துக்குள் தாராளமாக அடங்குகிறது. லொறியின் கூடு 10 அடி உயரம் வரும் என்பதால் குறுக்கு வளையின் அடிப்பக்கம் தரையிலிருந்து 12 அடியில் இருக்கட்டும்.

இந்த இரண்டு வாகனங்களையும் அளவோடு கோட்டுப் படமாகத் தளப்படத்துக்குள்ளேயே கீறச் சொல்லுங்கள். வீட்டுக்கு ஏன் இவ்வளவு பெரிய கொட்டகை என்பதுதான் சபையின் திட்டமிடல் குழுவில் முதலில் எழும் கேள்வி. படமே அதற்குப் பதில் சொல்லிவிடும். கேற்றிலிருந்து கொட்டகைக்கு லொறி திரும்பும் வழியையும் புள்ளிக் கோட்டில் காட்டுங்கள். ஒழுங்கை 10 அடி, கேற் 10 அடி என்றால் லொறி ஒரே திருப்பில் உள்ளே ஏறாது. கொட்டகை கட்டி முடிந்த பிறகு மதிலை இடிக்கும் வேலை இதனால்தான் வருகிறது.

கேள்வி: என்னென்ன ஆவணம், எந்த ஒழுங்கில் எடுக்க வேண்டும்? கணவர் கட்டாரில். நான்தான் அலைய வேண்டும். காணி பிரதான வீதியில் இருக்கிறது.
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: ஒழுங்கு தவறினால்தான் அலைச்சல் கூடும், சகோதரி. முதலில் சபைக்குப் போய் இரண்டு விடயங்களைக் கேளுங்கள். உங்கள் காணி எந்த வலயத்துக்குள் வருகிறது, அங்கே வீட்டுக்குத் துணையான கொட்டகைக்கு என்ன நிபந்தனை. இதற்குப் பணம் கட்டத் தேவையில்லை. வளவு சிக்கலானது என்று மேசையில் சொன்னால் பூர்வாங்கத் திட்டமிடல் அனுமதிக்கு விண்ணப்பியுங்கள். பெரிய படம் கீறக் காசு செலவழிக்கும் முன்பே ஆம், இல்லை தெரிந்துவிடும்.

அடுத்தது உறுதியும் நில அளவைப் படமும். காணி யாருடைய பெயரில் இருக்கிறதோ அவர்தான் விண்ணப்பதாரர். கணவரின் பெயரில் இருந்தால் அவர் வெளிநாட்டிலிருந்து முறைப்படி அனுப்பும் அற்றோணித் தத்துவம் இல்லாமல் நீங்கள் கையொப்பமிட முடியாது. அது வந்து சேர நாள் எடுக்கும் என்பதால் இன்றே தொடங்குங்கள். மாமாவின் பெயரிலேயே உறுதி நிற்கிறது என்றால் அந்த வேலையை முதலில் முடியுங்கள். விண்ணப்பங்கள் மாதக்கணக்கில் தூங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். நில அளவைப் படம் பழையதாக இருந்தால், எல்லைக் கற்கள் இன்னும் இடத்தில் இருக்கின்றனவா என்று அனுமதி பெற்ற நில அளவையாளரைக் கொண்டு பாருங்கள். சுனாமிக்குப் பிறகு மதில் மாறிய வளவுகளில் படமும் நிலமும் ஒத்துப்போகாத இடங்கள் உண்டு.

பிறகு சபையில் வீதிக்கோட்டுச் சான்றிதழும் காணி சுவீகரிக்கப்படவில்லை என்ற சான்றிதழும் எடுங்கள். சோலைவரி நிலுவை இருந்தால் அதே நாளில் கட்டிவிடுங்கள். உங்கள் காணி பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை வழியாக மட்டக்களப்புக்கு வரும் ஏ4 வீதியைப் பார்த்திருந்தால் வீதி அபிவிருத்தி அதிகாரசபையின் இணக்கமும் வேண்டும். கட்டட எல்லையை வீதியின் நடுக்கோட்டிலிருந்து அளப்பார்கள். எத்தனை அடி என்பதைச் சான்றிதழில் உள்ள எண்ணைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். பக்கத்து வீட்டு மதிலைப் பார்த்து அளக்காதீர்கள். அந்த மதில் வீதிக் காணிக்குள்ளேயே நிற்கலாம்.

இவை கையில் வந்த பிறகுதான் படவரைஞரிடம் போங்கள். அவர் தரவேண்டியவை 1க்கு 100 அளவில் தளப்படம், முன்தோற்றம், வெட்டுமுகம், அத்திவாரம், கூரைச் சட்டத்தின் விபரம், எல்லாவற்றுக்கும் மேலாக முழு வளவுப் படம். வளவுப் படத்தில் வடக்கு, நான்கு எல்லையிலிருந்தும் கொட்டகை எத்தனை அடி, கிணறு, மலகூடக் குழி, மின்கம்பி, மழைத்தண்ணீர் போகும் திசை எல்லாம் இருக்க வேண்டும். வழக்கமாக 3 பிரதி கொடுக்க வேண்டும். பணம் கட்டியதும் கோப்பு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தொழில்நுட்ப உத்தியோகத்தரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வளவைப் பார்த்து அறிக்கை வைப்பார்கள், பிறகு கோப்பு திட்டமிடல் குழுவுக்குப் போகும். குழு எப்போது கூடுகிறது என்று கேட்டு, அதற்கு முன்பே குறைகளை நிறைவேற்றிக் கொடுங்கள். ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் அடுத்தது வரை கோப்பு அசையாது.

இன்னொன்று. படத்தில் கொட்டகைக்கு 'வீட்டு வாகனத் தரிப்பிடம்' என்று எழுதச் சொல்லுங்கள். கராஜ் என்று எழுதினால் வாகனம் திருத்தும் இடம் என்று எடுத்துக்கொண்டு வேறு நிபந்தனைகள் கேட்பார்கள்.

கேள்வி: எங்களுக்கு 6 பேர்ச்தான். வானுக்குக் கொட்டகை போட்டால் பின் மதிலோடு முட்டும். பக்கத்து வீட்டார் சம்மதக் கடிதம் தருகிறார்கள். போதுமா?
– வாசகர், காத்தான்குடி

பதில்: அயலவரின் சம்மதம் நல்லதுதான், ஆனால் விதிக்கு மாற்றாகாது. பின்பக்கம் வெற்று நிலம் விடுவது காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் தீயணைப்புக்கும்தான். உயரம் குறைந்த வீடுகளுக்கு அது பொதுவாக 7 அடி 6 அங்குலம், அதாவது 2.3 மீற்றர். உங்கள் 6 பேர்ச்சில் மூடக்கூடியது 1,061 சதுர அடி. வீடு 900 என்றால் மிச்சம் 161 சதுர அடி. சட்டத்தில் ஒரு வாகனத் தரிப்பிடத்தின் அளவு 2.4க்கு 4.8 மீற்றர், கிட்டத்தட்ட 8க்கு 16 அடி, 128 சதுர அடி. கணக்கு இடம் கொடுக்கிறது. பின்பக்கம் போகாமல் வீட்டின் பக்கவாட்டில் அல்லது முன்பக்கக் கட்டட எல்லைக்கு உள்ளே போர்ச்சாக நீட்டப் பாருங்கள்.

பக்க எல்லையைத் தொட்டுக் கட்ட அனுமதித்தாலும் மூன்று விடயங்களில் கவனம் வேண்டும். எல்லைப் பக்கம் ஜன்னலோ காற்றுத் துவாரமோ வைக்க முடியாது. அத்திவாரத்தின் பாதம் எல்லையைத் தாண்டக்கூடாது, அதனால் தூணை நடுவில் வைக்காமல் பாதத்தின் ஓரத்தில் வைக்கும்படி பொறியியலாளர் வரைய வேண்டும். கூரை உங்கள் வளவுப் பக்கமே சரிய வேண்டும், தாவாரமும் பீலியும் உங்கள் மண்ணுக்குள்ளேயே முடிய வேண்டும். காத்தான்குடி போன்ற நெருக்கமான இடத்தில் அயல் சண்டைகள் பல கூரைத் தண்ணீரிலிருந்துதான் தொடங்குகின்றன. இன்று சம்மதம் தந்தவர் அடுத்த மாரியிலும் அதே மனநிலையில் இருக்க வேண்டுமென்றால் பீலியை முதலில் போடுங்கள்.

கேள்வி: வீடு வாவிக் கரையில் இருந்து சுமார் 60 மீற்றர். கடலுக்குத் தூரம். கரையோரத் திணைக்களத்துக்குப் போக வேண்டுமா?
– வாசகர், கல்லடி

பதில்: போக வேண்டும். கரையோர வலயம் என்பது கடலின் சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து உள்ளே 300 மீற்றர் மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டத்துக்கு 2011இல் வந்த திருத்தம், கடலோடு தொடர்புள்ள வாவி, ஆறுகளின் ஓரமாகச் சராசரி கடல் மட்டக் கோட்டிலிருந்து 100 மீற்றர் வரையும் அந்த வலயத்துக்குள் சேர்த்தது. மட்டக்களப்பு வாவி கடலோடு திறக்கும் வாவி. உங்கள் 60 மீற்றர் அதற்குள் வருகிறது. கல்லடி கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கும் ஊர் என்பதால், இரண்டு பக்கத்தில் எந்தப் பக்கம் அளந்தாலும் பல வளவுகள் வலயத்துக்குள் விழும்.

கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தின் அனுமதியை எடுத்துக்கொண்டு சபைக்குப் போங்கள். கொட்டகைத் தளத்தை உயர்த்த வாவி ஓரத்தில் மண் கொட்டாதீர்கள். அது வேறு குற்றம், கொட்டகை அனுமதியையும் சேர்த்துக் கெடுக்கும்.

கேள்வி: தகப்பனார் காலத்து வயலின் ஓரத்தில் மண் போட்டு மேடாக்கியிருக்கிறோம். அதில் நெல் வெட்டும் மெசினுக்கு 16 அடி உயரக் கொட்டகை போடலாமா? காணிக்கு உறுதி இல்லை, பெர்மிட் மட்டும்.
– வாசகர், சம்மாந்துறை

பதில்: இதில் இரண்டு பூட்டு இருக்கிறது, இரண்டையும் சபை திறக்க முடியாது. வயற்காணியை நிரப்பவும் அதில் கட்டடம் போடவும் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்து அனுமதி வேண்டும். உங்கள் கமநல சேவை நிலையத்தில் தொடங்குங்கள். வயற்பதிவேட்டில் அந்தத் துண்டு இன்னும் வயலாகவே இருந்தால், மேடாகக் கிடக்கிறது என்று சொல்லிப் பயனில்லை. இரண்டாவது, அரச காணி அனுமதிப்பத்திரத்தில் என்ன நோக்கத்துக்குக் கொடுத்தார்கள் என்று எழுதியிருக்கும். குடியிருப்புக்கா, பயிருக்கா என்று பார்த்து, பிரதேச செயலாளரின் இணக்கத்தை எழுத்தில் வாங்குங்கள்.

வயலை விட்டுவிட்டு வீட்டு வளவிலேயே இடம் தேடுவது நல்லது என்பதே எங்கள் எண்ணம். வெட்டும் மெசினின் உயரம் பெரும்பாலும் 9 முதல் 10 அடி. 16 அடி எதற்கு? உயரம் கூடக் கூடக் காற்று கூடுதலாகப் பிடிக்கும், மின்கம்பிக்கும் கிட்டவாகும். 12 அடி உயர வாசல் போதும்.

கேள்வி: சென்ற மாரியில் அடித்த காற்றில் எங்கள் கொட்டகை தூணோடு சேர்ந்து தூக்கி எறியப்பட்டது. தூண்களைத் தரைக் கொங்கிரீட்டில் நாலு நாலு போல்ட் போட்டுத்தான் நிறுத்தியிருந்தார்கள். திரும்பக் கட்ட விண்ணப்பிக்கும்போது எதைக் கவனிப்பது?
– வாசகர், திருக்கோவில்

பதில்: பெரிய கொட்டகையில் உயிருக்கு ஆபத்தான பகுதி இதுதான், அதனால் விரிவாகவே சொல்கிறோம். கூரை பாரமாக இருப்பதால் கீழே விழும் என்று நினைத்துத்தான் ஊரில் கட்டுகிறார்கள். சூறாவளியில் நடப்பது எதிர்ப்பக்கம். கூரை மேலே இழுபடும்.

கட்டட வடிவமைப்புக்காக இலங்கையை மூன்று காற்று வலயங்களாகப் பிரித்திருக்கிறார்கள். கிழக்குக் கரை வேகம் கூடிய முதலாம் வலயத்துக்குள் வருகிறது. 1978 நவம்பர் 23 சூறாவளி மட்டக்களப்பை என்ன செய்தது என்று மூத்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். இந்த வலயத்தில் சாதாரணக் கட்டடத்துக்கு எடுக்கும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 49 மீற்றர், மணிக்கு சுமார் 175 கிலோமீற்றர். தாழ்ந்த கொட்டகைக்கு உயரத்தையும் சுற்றாடலையும் கழித்துப் பார்த்தாலும் கூரையின் ஒவ்வொரு சதுர மீற்றரையும் சுமார் 100 கிலோ பாரத்துக்குச் சமமான விசை மேலே இழுக்கலாம். மூன்று பக்கம் அடைத்து முன்பக்கம் மட்டும் திறந்த கொட்டகையில் இது இன்னும் கூடும். காற்று உள்ளே புகுந்து கீழிருந்தும் தள்ளுவதே காரணம். தகரம், பர்லின் (தகரத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டம்), கூரைச் சட்டம் எல்லாம் சேர்ந்த சொந்தப் பாரமோ சதுர மீற்றருக்கு 12, 13 கிலோதான்.

மேலே செங்கலடி வாசகருக்குச் சொன்ன 25க்கு 30 அடிக் கொட்டகையையே எடுப்போம். பக்கத்துக்கு 4 தூண், 10 அடி இடைவெளி. நடுத்தூண் ஒன்று தாங்கும் கூரை 125 சதுர அடி, 11.6 சதுர மீற்றர். மேல் இழுப்பு 1,160 கிலோ. கூரைப் பாரம் 150ஐக் கழித்தால் சுமார் 1,000 கிலோவை அத்திவாரம் பிடித்து நிறுத்த வேண்டும். 3 அடி ஆழக் கிடங்கில் 3க்கு 3 அடி, 1 அடித் தடிப்புக் கொங்கிரீட் பாதம் போட்டு, மேலே 2 அடி மண் இறுக்கினால் கொங்கிரீட் 610, மண் 815, மொத்தம் 1,425 கிலோ. போதும் போலத் தெரியும். ஆனால் சூறாவளி பெரும்பாலும் வருவது மாரிக் காலத்தில். அப்போது கரையோர மணலில் நிலத்தடி நீர் கிட்டத்தட்டத் தரை மட்டத்துக்கு ஏறியிருக்கும். நீருக்குள் மூழ்கிய கொங்கிரீட்டும் மண்ணும் பாரம் குறைந்துபோகும். அதே பாதம் அப்போது தருவது 870 கிலோ மட்டுமே. தூண் பிடுங்கப்படுவது இந்த இடைவெளியில்தான். பாதத்தை 4க்கு 4 அடியாக்கினால் நீர் ஏறிய நிலையிலும் 1,500 கிலோவுக்கு மேல் நிற்கும். இது கணக்கின் போக்கைக் காட்டத்தான். உங்கள் கொட்டகைக்கான அளவைக் கட்டமைப்புப் பொறியியலாளர் ஒருவர் மண்ணைப் பார்த்துத் தீர்மானித்துக் கையொப்பமிட வேண்டும். அந்தக் கடிதம் விண்ணப்பத்துக்கும் பலம்.

உங்கள் பழைய கொட்டகையில் பிழை எங்கே என்று கடிதமே சொல்கிறது. 4 அங்குலத் தரைக் கொங்கிரீட்டில் துளையிட்டு இறுக்கிய போல்ட், தரையோடு சேர்ந்து வெடித்துக்கொண்டு வந்துவிடும். போல்ட் ஜே வடிவில் வளைந்து, பாதத்தின் கம்பி வலைக்குக் கீழே கொளுவி, கொங்கிரீட் கொட்டும்போதே உள்ளே போக வேண்டும். தூணின் அடித்தகட்டுக்கும் கொங்கிரீட்டுக்கும் இடையே சீமெந்துச் சாந்து நிரப்புங்கள்.

கூரையிலும் ஓரங்கள்தான் முதலில் கிளம்பும். முன் பின் விளிம்புகளிலும் கூரை மூலைகளிலும் பர்லினை நெருக்கமாக வையுங்கள். அந்த இடங்களில் தகரத்தின் ஒவ்வொரு மேட்டிலும் றப்பர் வொஷரோடு ஸ்க்ரூ போடச் சொல்லுங்கள். நடுவில் ஒரு மேடு விட்டு ஒரு மேடு போட்டால் போதும். கூலியாட்கள் இதை மாற்றிச் செய்வார்கள், ஏணியில் ஏறிப் பாருங்கள்.

திருக்கோவில் கடற்காற்றுக்கு மெல்லிய பொக்ஸ் பார் (உள்ளே வெறுமையான சதுர இரும்புக் குழாய்) உள்ளேயிருந்தே துருப்பிடிக்கும். வெளியே வர்ணம் பளபளக்கும், உள்ளே கடதாசியாகியிருக்கும். திறந்த முனைகளையெல்லாம் தகடு வைத்து ஒட்டி மூடுங்கள். வெல்டிங் செய்த இடத்தில் கறையைத் தட்டி எடுத்து, அன்றைக்கே சிங்க் பிறைமர் பூசுங்கள். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தால் தூண்களையாவது கொங்கிரீட்டில் போடும்படி சொல்வோம்.

கூரைத் தண்ணீருக்கும் கணக்கு இருக்கிறது. 750 சதுர அடிக் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் சுமார் 7,000 லீற்றர் இறங்கும். பீலி வைத்து, வளவுக்குள்ளேயே ஊறல் குழிக்கு அல்லது சபையின் வடிகானுக்குக் கொண்டுபோகும் வழியைப் படத்தில் காட்டுங்கள். மணற்பாங்கான வளவில் ஊறல் குழி நன்றாகவே உறிஞ்சும். ஆனால் மாரி நடுவில் நிலத்தடி நீர் ஏறியபின் உறிஞ்சாது, அதற்காக வழிந்தோடும் குழாய் ஒன்றும் வேண்டும்.

கேள்வி: கொட்டகைக்கு வீட்டுப் பாவனை என்று அனுமதி எடுத்துவிட்டோம். தம்பி அதில் ஓட்டோ, மோட்டர் சைக்கிள் திருத்தத் தொடங்கலாமா?
– வாசகி, அக்கரைப்பற்று

பதில்: சொந்த வாகனத்தின் சில்லைக் கழற்றுவதை யாரும் கேட்கமாட்டார்கள். வெளியாரின் வாகனத்தைக் காசுக்குத் திருத்தினால் அது பாவனை மாற்றம். சபையில் புதிய விண்ணப்பம், வியாபார அனுமதிப்பத்திரம், 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் எல்லாம் வரும். குடியிருப்பு வலயத்தில் சத்தம், வர்ணப் புகை காரணமாக மறுக்கவும் கூடும்.

எங்களுக்குப் பெரிய கவலை கிணறுதான். அக்கரைப்பற்று மணலில் கிணறுகள் ஆழம் குறைவு. கழிவு எண்ணெய் மணலில் இறங்கினால் உங்கள் கிணற்றோடு நிற்காது. தம்பி தொழில் தொடங்குவதாக இருந்தால் கொங்கிரீட் தரை, ஓரத்தில் வாய்க்கால், எண்ணெய் பிரிக்கும் குழி, கழிவு எண்ணெய்க்கு மூடியுள்ள பீப்பா ஆகியவற்றோடு வேறிடம் பார்ப்பது நல்லது.

கேள்வி: அனுமதி எடுக்காமல் கொட்டகையை முக்கால்வாசி கட்டிவிட்டோம். சபையிலிருந்து நிறுத்தச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. கூரையை மட்டும் போட்டு முடித்துவிட்டால் இடிக்கமாட்டார்கள் என்கிறார்கள்.
– வாசகர், வாழைச்சேனை

பதில்: அப்படிச் சொல்பவர்கள் நீதிமன்றத்துக்கு உங்களோடு வரமாட்டார்கள். கடிதம் கிடைத்த நாளோடு வேலையை நிறுத்துங்கள். நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டத்தின் 28அ பிரிவின்படி அறிவித்தலை மீறினால் நீதவான் நீதிமன்றத்தில் இடிப்புக் கட்டளை கேட்கலாம். அங்கே நீதவான் பார்ப்பது அனுமதி இருந்ததா இல்லையா என்பதைத்தான். கூரை போட்டு முடித்தது உங்களுக்குச் சாதகமாகாது, அறிவித்தலுக்குப் பிறகும் கட்டியிருக்கிறார் என்ற சாட்சியாகவே நிற்கும்.

கடிதத்தின் பிரதி, திகதி தெரியும் படங்கள் இரண்டையும் வைத்துக்கொண்டு, படவரைஞரைக் கொண்டு இப்போது நிற்கும் கொட்டகையை உள்ளபடி அளந்து கீறச் சொல்லுங்கள். 65 வீதம், வீதிக்கோடு, பின்வெளி மூன்றிலும் விதிக்குள் அடங்குமென்றால் கவரிங் அப்ரூவல் (கட்டிய பிறகு எடுக்கும் அனுமதி) கேட்டு விண்ணப்பிக்கலாம். சாதாரணக் கட்டணத்தைவிடக் கூடுதலாகக் கட்ட நேரும். வீதிக்கோட்டுக்குள் இரண்டு தூண் நிற்கிறது என்றால் அந்த இரண்டையும் நீங்களே கழற்றிப் பின்தள்ளி, திருத்திய படத்தோடு போங்கள். கொட்டகையின் ஒரு பகுதியைத் தானாகக் கழற்றியவரிடம் குழு பேச இடம் இருக்கும். மறுத்தால், எந்த விதியின்படி மறுக்கிறார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். அந்தக் காரணம் கையில் இல்லாமல் மேன்முறையீடும் செய்ய முடியாது, படத்தைத் திருத்தவும் முடியாது.

கேள்வி: அனுமதி கிடைத்து ஒன்பது மாதம். காசில்லாமல் இன்னும் அத்திவாரம் போடவில்லை. என்ன ஆகும்?
– வாசகர், கல்முனை

பதில்: அனுமதிப்பத்திரத்தின் காலம் பொதுவாக ஓராண்டு. முடிய முன்பே நீடிப்புக்கு எழுதிக் கொடுங்கள், முடிந்த பிறகு புது விண்ணப்பம் என்று சொல்வார்கள். வேலை தொடங்கும்போது சபைக்கு அறிவியுங்கள். அத்திவாரக் கிடங்கு திறந்திருக்கும்போதே தொழில்நுட்ப உத்தியோகத்தரை வந்து பார்க்கச் சொன்னால் பின்னர் சந்தேகம் வராது. கட்டி முடிந்ததும், அனுமதித்த படத்தின்படி கட்டியதற்கான இணக்கச் சான்றிதழ் எடுங்கள். கொட்டகைதானே என்று விடாதீர்கள், வங்கிக் கடனுக்கு வீட்டை வைக்கும்போது முழு வளவுக்கும் அதைக் கேட்பார்கள். அதன் பிறகு சோலைவரி மதிப்பீடு கூடலாம், அதை ஆட்சேபிக்கக் கொடுக்கும் நாளைத் தவறவிடாதீர்கள்.